சின்ன பசங்களும் வயசான அப்பா அம்மாவுமா டிசம்பர் லீவுக்கு மெக்சிகோல சயுலிட்டா போனா சரிப்படுமா?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: டல்லாஸ்ல இருக்கீங்க, ரெண்டு பேரும் எச்1பி வேலை விசா, எட்டு வயசு பையன், நாலு வயசு பொண்ணு, ஊர்ல இருந்து அப்பா அம்மா விசிட்டர் விசால வந்திருக்காங்க, டிசம்பர் 20ல இருந்து ஜனவரி 2 வரைக்கும் சயுலிட்டால வீடு எடுத்து தங்கலாம்னு பிளான், வீட்ல எல்லாரும் சுத்த சைவம், ஊர் சேஃபா, சாப்பாடு கிடைக்குமா, பசங்க கடல்ல குளிக்கலாமா, இல்ல பேசாம கான்கூன் ரிசார்ட்டுக்கே போயிடலாமா. ஆனா மொத்தமா படிச்சு பாத்தா நீங்க நெஜமா கேக்கறது, மூணு தலைமுறைய ஒரே வீட்ல ரெண்டு வாரம் வச்சு, யாரும் மூஞ்ச தூக்காம, யாருக்கும் உடம்புக்கு வராம திரும்பி வர முடியுமா, அதுக்கு இந்த ஊர் சரியான்னு தான். அதுக்கே பதில் சொல்றேன். நான் மெக்சிகோல குவாதலஹாரா நகரத்துல ஐடி வேலைல பல வருஷமா இருக்கேன், இந்த ஊர்க்காரங்களுக்கு கடல்னாலே புவேர்ட்டோ வயார்ட்டாவும் அதுக்கு வடக்கால இருக்கற நயாரித் ஸ்டேட் கடற்கரையும் தான், சயுலிட்டாவும் அந்த கரைல தான் இருக்கு, லீவு விட்டா கார எடுத்துட்டு அங்க தான் ஓடுவாங்க, நானும் அப்படியே பழகிட்டேன், ஊர்ல இருந்து வந்த பெரியவங்கள கூட்டிட்டு போன அனுபவமும் உண்டு. விசா பத்தி சொல்றப்ப நான் வக்கீல் இல்ல, உடம்பு பத்தி சொல்றப்ப டாக்டர் இல்ல, அத மட்டும் மனசுல வச்சுக்கங்க.

சட்டுனு பதில் வேணும்னா: சயுலிட்டா ஒரு நாள் போய் சுத்தி பாத்துட்டு வர வேண்டிய ஊர், உங்க குடும்பத்துக்கு தங்கற ஊர் இல்ல. தங்கறதுக்கு அதே ரோட்ல, ஏர்போர்ட்டுக்கு இன்னும் பக்கத்துல இருக்கற புசேரியாஸ் இல்ல லா க்ரூஸ் பாருங்க. தேதியும் 20ல இருந்து 27 வரைக்கும்னு குறைச்சுக்கங்க. ஊர் பேர விட எந்த பீச், எந்த வாரம், இது ரெண்டும் தான் உங்க லீவ தீர்மானிக்கும், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல பேப்பர் விஷயம், ஏன்னா இது இடிச்சா மத்ததெல்லாம் பேசி பிரயோஜனமே இல்ல. இந்தியன் பாஸ்போர்ட்ல செல்லுபடியாகற அமெரிக்க விசா ஸ்டாம்ப் இருந்தா மெக்சிகோவுக்கு தனி விசா வேண்டாம், இது உறுதி, உங்க அப்பா அம்மாவோட விசிட்டர் விசாவுக்கும் இதே தான். ஆனா நீங்க உங்க ஸ்டாம்ப் தேதிய எழுதவே இல்ல. எச்1பில இருக்கற நெறைய பேர் எக்ஸ்டென்ஷன் அப்ரூவல் பேப்பர் கைல இருக்கு, பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் எப்பவோ முடிஞ்சு போச்சுங்கற நிலமைல இருப்பாங்க. அமெரிக்கா பக்கம் ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்னு ஒரு விதி இருக்கு, ஐ-94, அதாவது அமெரிக்கால எந்த தேதி வரைக்கும் இருக்கலாம்ங்கற பதிவு, உயிரோட இருந்து, மெக்சிகோவோ கனடாவோ மட்டும் போய் 30 நாளுக்குள்ள திரும்பினா முடிஞ்ச ஸ்டாம்ப்லயே உள்ள வரலாம்னு, அத படிச்சுட்டு தைரியமா டிக்கெட் போட்டுடுவாங்க. அந்த விதி திரும்பி வர்றதுக்கு மட்டும் தான். மெக்சிகோவுக்குள்ள போறதுக்கு ஸ்டாம்ப் உயிரோட இருக்கணும், இல்லன்னா மெக்சிகோ தூதரகத்துல விசா வாங்கணும், ரெண்டும் இல்லன்னா டல்லாஸ்லயே ஏர்லைன்காரன் ஏத்த மாட்டான். எச்1பி விஷயத்துல விதிகள் அடிக்கடி மாறிட்டு இருக்கற நேரம் இது, அதனால உங்க கம்பெனி அட்டர்னிக்கு ஒரு மெயில் போட்டு கேட்டுட்டு அப்பறம் புக் பண்ணுங்க. அப்பா அம்மா மெக்சிகோ போய்ட்டு வந்தா புதுசா ஆறு மாசம் கிடைக்கும்னு சில பேர் சொல்வாங்க, அந்த கணக்கு போடாதீங்க, பழைய தேதியே தொடரலாம், திரும்பி வந்த உடனே ஐ-94 வெப்சைட்ல பாத்துக்கங்க. பொண்ணு அமெரிக்கால பொறந்தவன்னா அவளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் புத்தகம் வேணும், பர்த் சர்டிபிகேட் வச்சு ஃப்ளைட் ஏற முடியாது.

இப்ப கடலுக்கு வரேன், இதுல தான் நெறைய பேர் போட்டோ பாத்து ஏமாந்து போறாங்க. அது பசிபிக், கான்கூன் பக்கம் இருக்கற கரீபியன் இல்ல. கரையோட சரிவும் பீச் எந்த பக்கம் பாத்து இருக்குங்கறதும் ஒவ்வொரு ரெண்டு கிலோமீட்டருக்கும் மாறும். சயுலிட்டா மெயின் பீச் சர்ஃபிங் கத்துக்கறவங்களோட இடம், அலை பெருசா பயமுறுத்தாது, ஆனா டிசம்பர் கடைசில தண்ணில மனுஷங்களும் போர்டுகளும் தான் இருக்கும், இப்ப தான் நிக்க கத்துக்கிட்டவன் கன்ட்ரோல் இல்லாம வர்ற போர்டு நாலு வயசு குழந்தை தலைல பட்டா என்ன ஆகும்னு யோசிங்க. எட்டு வயசு பையனுக்கு ஒரு மணி நேரம் சர்ஃப் கிளாஸ் போட்டீங்கன்னா அவன் வாழ்நாள் முழுக்க பேசுவான், அது வேற விஷயம். இன்னொன்னு, ஊருக்கு நடுவுல ஒரு ஓடை ஓடி வந்து அதே பீச்ல கலக்குது, ஊர் வளர்ந்த வேகத்துக்கு சாக்கடை சுத்திகரிப்பு ஈடு கொடுக்கலங்கறது அங்க பல வருஷ பிரச்சனை, குளிச்சுட்டு வயித்துக்கு முடியாம போனவங்க கதை நெறைய இருக்கு. ஓடை வாய்க்கு பக்கத்துல பசங்கள விடவே விடாதீங்க, அங்க தான் தண்ணி ஆழமில்லாம அமைதியா இருக்கும், அதனாலயே பசங்க அங்க தான் ஓடுவாங்க. சயுலிட்டால குழந்தைங்களுக்கு நல்ல இடம்னா தெக்கால கல்லறைத் தோட்டத்த தாண்டி நடந்து போனா வர்ற ப்ளாயா லோஸ் முயெர்த்தோஸ், சின்ன பீச், அலை கம்மி, அம்மா சுடுகாட்டு வழியாவான்னு கேப்பாங்க, கலர் கலரா பூ வச்சு அழகா தான் இருக்கும்னு சொல்லி கூட்டிட்டு போங்க.

சயுலிட்டாவுக்கு வடக்கால அஞ்சு ஆறு கிலோமீட்டர்ல சான் பான்ச்சோன்னு ஒரு ஊர், சயுலிட்டா ரொம்ப கூட்டம்னு சொல்றவங்க எல்லாம் அங்க போங்கன்னு சொல்வாங்க. ஊர் அருமை, சத்தம் கம்மி, சாயங்காலம் சூரியன் கடலுக்குள்ள எறங்கறத பாக்க மொத்த ஊரும் வந்து உக்காரும். ஆனா கடல் பொல்லாதது. நம்ம மெரினா மாதிரி கரைய ஒட்டியே பள்ளம், அலை மணல் மேலயே வந்து உடையும், நல்லா நீச்சல் தெரிஞ்சவனையே பொரட்டி போடும். அங்க வீடு எடுத்தா ரெண்டு வாரமும் பசங்கள கைய புடிச்சுட்டே நிக்கணும். நான் புசேரியாஸ் சொல்றதுக்கு காரணம், அது பாந்தேராஸ் வளைகுடாவுக்கு உள்பக்கம் இருக்கு, வடமேற்குல இருந்து வர்ற குளிர்கால அலைய புந்தா மீத்தா முனை பாதி மறைச்சுடும், பீச் நீளமா அகலமா தட்டையா இருக்கும், உள்ள போக போக கொஞ்சம் கொஞ்சமா தான் ஆழம் ஏறும், தாத்தா பாட்டி காலைல ஒரு மணி நேரம் நேரா நடந்துட்டு வரலாம். பக்கத்துலயே லா க்ரூஸ்ல மரீனா, அதாவது படகுத்துறை சுவர் ஓரமா லா மன்சனீயான்னு ஒரு பீச், உள்ளூர் குடும்பங்க எல்லாம் ஞாயித்துக்கிழம குழந்தைங்கள அங்க தான் கூட்டிட்டு வருவாங்க, என்னோட சிபாரிசுல முதல் இடம் அதுக்கு தான். எங்க போனாலும் கொடி பாருங்க, சிவப்புன்னா இடுப்பளவு கூட வேண்டாம், ஊதா கலர்ல கொடி பறந்தா ஜெல்லிமீன் மாதிரி ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஆழமில்லாத மணல்ல கால தூக்கி வைக்காம தேய்ச்சு தேய்ச்சு நடக்க சொல்லுங்க, திருக்கை மீன் மணல்ல பொதைஞ்சு கெடக்கும், தேய்ச்சா அதுவே ஓடிடும், குத்திட்டா தாங்கற அளவு சூடான தண்ணில கால வைக்கணும், வலி குறையும், அப்பறம் டாக்டர்கிட்ட காட்டணும். கழிமுகம், சதுப்பு பக்கம் முதலை போர்டு பாத்தா அது டூரிஸ்டுக்காக வச்ச அலங்காரம்னு நெனச்சுடாதீங்க, நெஜமாவே முதலை இருக்கு.

அடுத்தது வாரம். மெக்சிகோல டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள்ல ஆரம்பிச்சு ஜனவரி 6 மூணு ராஜாக்கள் நாள் வரைக்கும் ஒரே பண்டிகை தான், இவங்களே கிண்டலா குவாதலூப்பே-ரேயெஸ் மாரத்தான்னு சொல்வாங்க, குடிச்சு சாப்ட்டு கடைசி வரைக்கும் தாங்கறவன் ஜெயிச்சான். இதுல 16ல இருந்து 24 வரைக்கும் ஒன்பது ராத்திரி போசாதா. மரியாளும் யோசேப்பும் தங்க இடம் கேட்டு அலைஞ்சத தெருவுல நடிச்சு காட்டுவாங்க, வெளிய ஒரு கூட்டம் இடம் குடுங்கன்னு பாடும், உள்ள இருக்கறவங்க முடியாதுன்னு பாடுவாங்க, கடைசில கதவ தொறந்து எல்லாருக்கும் சூடா பழ ரசம், பசங்களுக்கு ஏழு முனை நட்சத்திரமா செஞ்ச பின்யாத்தா, நம்ம உறியடி தான், கண்ண கட்டிட்டு அடிச்சு ஒடச்சா மிட்டாய் கொட்டும். இது கடற்கரை ஊர்கள்லயும் தெருவுல நடக்கும், ஓரமா நின்னு பாத்தாலே கைல ஒரு கப் பழ ரசத்த குடுத்துடுவாங்க, பெரியவங்களுக்கு கடல விட இது தான் பிடிக்கும்னு நான் பந்தயம் கட்டுவேன். 24 ராத்திரி குடும்ப விருந்து, பாதி ராத்திரி வரைக்கும் போகும், 25 காலைல ஊரே தூங்கும், கடை முக்காவாசி மூடியிருக்கும், பால் தயிர் எல்லாம் 24 மத்தியானமே வாங்கி வச்சுக்கங்க.

26ல தான் வெள்ளம். கிறிஸ்மஸ வீட்ல முடிச்சுட்டு குவாதலஹாரா மொத்தமும் கார்ல கெளம்பி வரும், புது ஹைவே வந்தப்பறம் அஞ்சு மணி நேரமா இருந்த ரோடு கிட்டத்தட்ட மூணு மணி நேரமா சுருங்கிடுச்சு, அதனால கூட்டம் இன்னும் ஜாஸ்தி. 26ல இருந்து ஜனவரி 2 வரைக்கும் வாடகை வருஷத்துலயே உச்சத்துல இருக்கும், இந்த ஊர்களை எல்லாம் இணைக்கற 200ம் நம்பர் ரோட்ல வண்டி நகராது, சின்ன ஊர்ல ஏடிஎம்ல பணம் தீந்து போகும், ராத்திரி பூரா பாண்டான்னு பித்தளை வாத்திய மியூசிக், விடியக்காலைல ராக்கெட் வெடி. நியூ இயர் ராத்திரி பீச்ல வாணவேடிக்கை, மணி அடிக்க அடிக்க பன்னெண்டு திராட்சை முழுங்கறது எல்லாம் நல்லா தான் இருக்கும், எங்கள மாதிரி சத்தத்துக்கு பழகினவங்களுக்கு. ஒன்பது மணிக்கு படுக்கற அப்பாவுக்கு அது தண்டனை. அதனால தான் 20ல போய் 27ல திரும்புங்கன்னு சொல்றேன், போசாதாவும் கிடைக்கும், கூட்டம் உச்சத்துக்கு போறதுக்கு முன்னாடி கெளம்பிடலாம், 13 நாளுக்கு வச்ச பணத்துல ஒரு வாரம் நல்ல வீடு எடுக்கலாம். வெயில் ரெண்டு வாரமும் ஒரே மாதிரி தான், மழைக்காலம் அக்டோபர்லயே முடிஞ்சுடும், பகல்ல 28 டிகிரி, ராத்திரி 17, 18க்கு எறங்கும், பெரியவங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

வீடு எடுக்கறப்ப பாக்க வேண்டியது வியூ இல்ல, படி. இந்த கடற்கரைல மலை கடல் வரைக்கும் வந்துடும், பீச்சுக்கு அஞ்சு நிமிஷம்னு போட்டிருப்பாங்க, அந்த அஞ்சு நிமிஷம் கருங்கல் பதிச்ச செங்குத்தான ஏத்தமா இருக்கும், முட்டி வலி இருக்கற அம்மா முதல் நாள் ஏறிட்டு மறுநாள் வீட்ட விட்டு எறங்கவே மாட்டாங்க. ஓனர்கிட்ட எழுதி கேளுங்க: தரை தளத்துல படுக்கை இருக்கா, தெருவுல இருந்து வாசலுக்கு எத்தன படி, ஜன்னல் எல்லாத்துக்கும் கொசு வலை இருக்கா, பெட்ரூம்ல ஏசி இருக்கா, நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் இருக்கா. ஹீட்டர் இல்லாத குளம் டிசம்பர்ல சில்லுனு இருக்கும், பசங்க பத்து நிமிஷத்துல உதடு நீலமாகி வெளிய வந்துடுவாங்க, கடல் தண்ணி 25, 26 டிகிரில அத விட இதமா இருக்கும். போட்டோல ரொம்ப அழகா, சுவரே இல்லாம பனை ஓலை கூரை போட்டு தொறந்து விட்ட வீடுகள் வரும், அத நான் உங்களுக்கு சொல்ல மாட்டேன், காரணம் தேள். நயாரித் தேள் மெக்சிகோலயே விஷம் ஜாஸ்தியான வகைகள்ல ஒன்னு. பயந்து ட்ரிப்ப கேன்சல் பண்ற விஷயம் இல்ல, அங்க லட்சக்கணக்கான பேர் வாழறாங்க, செருப்ப ஒதறி போடுங்க, படுக்கறதுக்கு முன்னாடி போர்வைய ஒதறுங்க, குழந்தை கட்டில சுவர்ல இருந்து ஒரு ஜாண் தள்ளி போடுங்க, ஈர டவல தரைல போட்டு வைக்காதீங்க. குழந்தைய கொட்டிட்டா மட்டும் வீட்டு வைத்தியம் கூடாது, உடனே ஹெல்த் சென்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஓடணும், விஷமுறிவு மருந்து அங்க சாதாரணமா வச்சிருப்பாங்க, எமர்ஜென்சி நம்பர் அங்கயும் 911 தான். சாயங்காலம் பீச்ல ஹெஹேன்னு கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடிக்கும், டெங்கு கொசுவும் உண்டு, அதனால ஆறு மணிக்கு மேல முழுக்கை சட்டை, கொசு மருந்து ரெண்டும் வேணும்.

சாப்பாடு. சைவம் கிடைக்குமான்னா கிடைக்கும், ஆனா சைவம்னு நீங்க நெனைக்கறதும் சமையக்காரம்மா நெனைக்கறதும் ஒன்னு இல்ல. கார்னேன்னா அவங்களுக்கு பெரும்பாலும் மாட்டுக்கறி, கறி வேண்டாம்னு சொன்னா சிக்கன போட்டு சிரிச்ச முகத்தோட குடுப்பாங்க. நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி மாரிஸ்கோஸ், அதாவது கறி, கோழி, மீன், இறால் நண்டு எதுவும் சாப்பிட மாட்டேன்னு, இத மனப்பாடம் பண்ணிக்கங்க, இல்ல போன்ல எழுதி காட்டுங்க. இதுக்கு மேல கண்ணுக்கு தெரியாத ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்னு மந்தேகா, பன்னிக் கொழுப்பு, மசிச்ச பீன்ஸ்ல, தமால்ங்கற சோள மாவு கொழுக்கட்டைல வழக்கமா இது இருக்கும். இன்னொன்னு சிக்கன் சூப் பொடி, சிவப்பு சோத்துல, பொரிச்ச சோள ரொட்டி துண்டு மேல சல்சா ஊத்தின சிலாகிலெஸ்ல, காய் சூப்ல கூட. சின் மந்தேகா, சின் கால்தோ தெ போயோன்னு கேட்டா ஒளிக்காம சொல்லிடுவாங்க, இதுல உங்க அப்பா அம்மா எவ்வளவு கண்டிப்புங்கறத முன்னாடியே வீட்ல பேசி முடிச்சுக்கங்க, அங்க போய் மேஜைல உக்காந்து பேசாதீங்க. கவலையில்லாம சாப்பிடக்கூடியது தோர்த்தியாங்கற சோள ரொட்டில சீஸ் வச்ச கெசடீயா, பூசணிப்பூ இல்ல நோபால் கள்ளி வச்சு கேளுங்க, கள்ளிய சாப்டறதான்னு மூஞ்ச சுளிச்சவங்க எல்லாம் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினத பாத்திருக்கேன், வெண்டைக்கா வழவழப்போட நல்லா இருக்கும். தெருவுல சுட்ட சோளம், மயோனிஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க, முட்டை இருக்கும். மாங்கா சீசன் இல்ல, ஆனா பப்பாளி, அன்னாசி, ஹிகாமா கெழங்கு மேல எலுமிச்சையும் மொளகா பொடியும் தூவி குடுப்பாங்க.

உங்க அம்மாவ அசத்தணும்னா 200ம் நம்பர் ரோட்டோர பழக்கடைல நிறுத்துங்க, பலாப்பழம் தொங்கும். மெக்சிகோல பலா அதிகமா வெளையறது நயாரித்ல தான், யாகான்னு கேட்டா சுளை எடுத்து பாக்கெட்ல போட்டு குடுப்பாங்க. புவேர்ட்டோ வயார்ட்டா கடலோர நடைபாதைல சுரைக்குடுக்கைய தோள்ல மாட்டிட்டு ஒருத்தர் தூபா வித்துட்டு போவார், தென்னம்பாளைல எறக்கின பானம், மேல ஆப்பிள் துண்டும் கடலையும் போட்டு குடுப்பார், 16ம் நூற்றாண்டுல மணிலா கப்பல்ல வந்த பிலிப்பைன்ஸ்காரங்க இந்த கரைல தென்னை ஏறி கத்துக்குடுத்தது. நேரம் ஆக ஆக புளிச்சு லேசா ஏறும், அதனால அப்பாவுக்கு காலைல வாங்கி குடுங்க, பசங்களுக்கு வேண்டாம். வீட்ல சமைக்கறதுக்கு கஷ்டமே இல்ல, சூப்பர் மார்க்கெட்ல துவரம்பருப்பு தவிர கிட்டத்தட்ட எல்லாம் ஒப்பேத்திடலாம், மைசூர் பருப்பு மாதிரி லென்டில்ஸ், கொண்டக்கடலை, புளி, தேங்கா, கொத்தமல்லி, செர்ரானோ மொளகா, சக்கரை போடாத தயிர் எல்லாம் கிடைக்கும், சாம்பார் பொடியும் பெருங்காயமும் கம்பெனி சீல் பிரிக்காத பாக்கெட்டா எடுத்துட்டு போங்க, பச்சை காய்கறி, கறிவேப்பிலை, விதை எல்லாம் கஸ்டம்ஸ்ல புடுங்கிடுவாங்க.

குழாய் தண்ணி குடிக்கக் கூடாது, 20 லிட்டர் கேன் எல்லா வீட்டுக்கும் வரும், நம்ம ஊர் பழக்கம் தான், பல் வெளக்கறதுக்கும் அதையே வச்சுக்கங்க. பச்சையா சாப்டற காய அலசறதுக்கு மைக்ரோடின்னு சொட்டு மருந்து எல்லா கடைலயும் காய்கறி பக்கத்துலயே தொங்கும், சொல்லியிருக்கற நிமிஷம் ஊற வச்சா போதும். வயித்துக்கு ஆகலன்னா எலெக்ட்ரோலித்னு உப்பு சக்கரை கலந்த பானம் பாட்டில்ல கிடைக்கும், மெடிக்கல் ஷாப்ப ஒட்டியே சின்ன கிளினிக் இருக்கும், டாக்டர் பீஸ் ரொம்ப கம்மி, சாதாரண தொந்தரவுக்கு அது போதும். ஆனா அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு வந்தா தனியார் ஆஸ்பத்திரில முன்பணம் கேப்பாங்க, அதனால அவங்களுக்கு எடுத்து வச்சிருக்கற விசிட்டர் இன்சூரன்ஸ் மெக்சிகோலயும் செல்லுமான்னு பாலிசிய பிரிச்சு பாருங்க, அமெரிக்காவுக்குள்ள மட்டும்னு இருக்கற பாலிசி நெறைய.

சேஃப்டி பத்தி நேர்மையா சொல்றேன். எனக்கு ஒன்னும் ஆனதில்லங்கறது ஆதாரம் ஆகாது, அத வச்சு யாராவது மெக்சிகோ முழுக்க சேஃப்னு சொன்னா நம்பாதீங்க, அதே மாதிரி செய்தில தலைப்பு பாத்துட்டு மொத்த நாடும் சுடுகாடுன்னு சொல்றவங்களையும் விட்டுடுங்க. உறுதியா சொல்லக்கூடியது, அமெரிக்க அரசாங்கம் மெக்சிகோவுக்கு ஸ்டேட் ஸ்டேட்டா தனித்தனி எச்சரிக்கை லெவல் போடுது, விமானம் எறங்கற புவேர்ட்டோ வயார்ட்டா ஹலிஸ்கோல, நீங்க தங்கப்போறது நயாரித்ல, ரெண்டையும் தனியா படிங்க, இப்பவும் ஒரு தடவ, கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியும் ஒரு தடவ, ஏன்னா நெலவரம் மாறும். கேன்சல் பண்ணா பணம் திரும்பி வர்ற மாதிரி புக் பண்ணுங்க. இதுல என் அபிப்பிராயம், உங்கள மாதிரி குடும்பத்துக்கு அங்க பெரிய ஆபத்து கடலும் ராத்திரி ரோடும் தான். 200ம் நம்பர் ரோடு காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும், வேகத்தடைக்கு பெயிண்ட் இருக்காது, மாடு குறுக்க வரும், இருட்டினப்பறம் ஓட்டாதீங்க. டிசம்பர்ல ஆறரைக்குள்ள சூரியன் எறங்கிடும், அத கணக்கு பண்ணி திரும்புங்க. கார் வாடகைக்கு எடுத்தா ஆன்லைன்ல காட்டற ரேட் கவுன்ட்டர்ல ரெண்டு மடங்காகும், மெக்சிகோ சட்டப்படி மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், உங்க கிரெடிட் கார்டு குடுக்கற கவரேஜ் வாடகை வண்டிக்கு ஆகற சேதத்துக்கு தான், இதுக்கு செல்லாது.

ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் தாண்டின உடனே ஒரு ஹால்ல நல்லா டிரஸ் பண்ணவங்க டாக்சியா சார்னு அன்பா கூப்பிடுவாங்க, எல்லாம் டைம்ஷேர், அதாவது ரிசார்ட்ல வருஷத்துக்கு சில நாள் தங்கற பங்கு, விக்கறவங்க, நின்னு பதில் சொல்லாம நடந்துட்டே இருங்க. ஏடிஎம்ல டாலர்ல கன்வர்ட் பண்ணி எடுக்கவான்னு கேக்கும், வேண்டாம்னு அமுக்குங்க, உங்க பேங்க் ரேட் அத விட நல்லா இருக்கும்.

கான்கூன் கேட்டீங்க. தப்பான யோசனை இல்ல. கடல் பாசி கரை ஒதுங்கற பிரச்சனை அங்க கோடைல தான் ஜாஸ்தி, டிசம்பர்ல பெரும்பாலும் இருக்காது, ஆனா வடக்கால இருந்து குளிர் காத்து வந்தா ரெண்டு மூணு நாள் கடல் கொந்தளிச்சு வானம் மூடிக்கும், பசிபிக் பக்கம் அது ரொம்ப அபூர்வம். சமைக்கவே மாட்டோம், எல்லாரும் ஒரே கட்டடத்துல இருக்கணும், லிஃப்ட் வேணும்னா கான்கூன் ரிசார்ட் தான் சரி. தெரு, மார்க்கெட், பக்கத்து வீட்டு போசாதா, இதெல்லாம் வேணும்னா புசேரியாஸ்.

அங்க போனா மூணு விஷயம் விட்டுடாதீங்க. திமிங்கலம் பாக்கற சீசன் அந்த வளைகுடால டிசம்பர் 8ல இருந்து மார்ச் 23 வரைக்கும், வடக்கு கடல்ல மேஞ்சுட்டு குட்டி போடறதுக்கு கூனல் முதுகு திமிங்கலங்க வரும், சில நாள் கரைல இருந்தே தண்ணி பீச்சறது தெரியும், படகுல போறதா இருந்தா காலைல முதல் ட்ரிப், மத்தியானம் காத்து ஏறினா அம்மாவுக்கு வாந்தி வந்துடும். ஆமை குஞ்சு கடல்ல விடற கேம்ப் டிசம்பர்லயும் நடக்கும், இது ஆலிவ் ரிட்லி, பெசன்ட் நகர் பீச்ல முட்டை போட வர்ற அதே இனம், கைல தொடாம குடுவைல வாங்கி விட சொல்வாங்க, கைல சன்ஸ்க்ரீன் தடவிட்டு போகாதீங்க. ஞாயித்துக்கிழம லா க்ரூஸ் மரீனா சந்தை, சயுலிட்டாவுக்கு வார நாள் காலைல போய் கலர் தோரணம் கட்டின தெருவும் விக்ஸாரிக்கா பழங்குடி மக்களோட பாசிமணி வேலைப்பாடும் பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிடுங்க.

இன்னும் ஒரு நாள் கைல இருந்தா ரின்கோன் தெ குவாயாபித்தோஸ் போங்க, சயுலிட்டால இருந்து வடக்கால முக்கால் மணி நேரம், குளம் மாதிரி கிடக்கற கடல், நாலு வயசுக்கு அத விட நல்ல தண்ணி இந்த பக்கத்துல கிடையாது. அப்ப ஏன் அங்கயே தங்க சொல்லலன்னா, ஏர்போர்ட் தூரம், லீவுல கூட்டம் வேற. அங்க போனா போன் தானா ஒரு மணி நேரம் பின்னால போயிடும், நயாரித் மொத்தமும் ஒரு நேரம், புசேரியாஸும் சயுலிட்டாவும் இருக்கற நகராட்சி மட்டும் வயார்ட்டா நேரம். திரும்பற நாள் அன்னிக்கு அங்க சுத்திட்டு நேரா ஏர்போர்ட் போறதா இருந்தா டிக்கெட்ல போட்டிருக்கறது வயார்ட்டா நேரம்ங்கறத பாத்துக்கங்க. ஸ்டாம்ப் தேதி என்னன்னு மட்டும் கீழ எழுதுங்க, புக் பண்றதுக்கு முன்னாடி.